எங்கள் வரிசையில் ஒரு வெளிநாட்டவர்

கெடா மாநிலத்துக் குருண் ஊரின் தமிழ்ப்பள்ளியில் நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, ஆசிரியை எங்கள் தாமானின், அதாவது எங்கள் ஒற்றை வரிசைக் குடியிருப்பின், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதை வைத்து எழுதி வர வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற கட்டங்களை நான் சட்டையே செய்யவில்லை. தினமும் பார்க்கிற முகங்கள்தானே. கடைசிக் கட்டத்தில் 'குடியுரிமை இல்லாதவர்' என்று இருந்தது. அது காலியாக இல்லை.

அப்படியென்றால் விமானத்தில் வந்தவர் என்பது என் முடிவு. தொழிற்சாலைக்கு வந்த நேபாளிகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்தார்கள். ஆக, எங்கள் வீட்டு வரிசையிலேயே யாரோ ஒளிந்திருக்கிறார். ஜப்பான்காரராகக்கூட இருக்கலாம்! திங்கட்கிழமைக்குள் பிடித்துவிட்டால் வகுப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சனிக்கிழமை காலையிலேயே சைக்கிளை எடுத்துவிட்டேன். "நீங்கள் வெளிநாடா?" என்று வீடு வீடாக மலாயில் கேட்டேன். மூலை வீட்டு மலாய் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். தான் கிளந்தான் மாநிலத்துக்காரி, கெடாக்காரர்களுக்கு அதுவே வெளிநாடுதான் என்று சொல்லி, கை நிறையப் பலகாரம் கொடுத்தார். பக்கத்துச் சீனக் கடைக்காரர் தான் இதே கெடாவின் பெண்டாங்கில் பிறந்தவன் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

வரிசை முடிந்துவிட்டது. அழாத குறையாக வீடு திரும்பினேன். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரெல்லாம் ஏன் தேடுற மருமகளே? அது நான்தான் லா," என்றார்.

அறைக்குப் போய் ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து வந்து காட்டினார். அப்பா அம்மாவுடையது நீலம். அத்தையுடையது சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்கானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டிலேயே! இங்கேயே குருண் எஸ்டேட்டில் அவர் பிறந்தபோது யாரும் பதியவில்லையாம், அப்பா பிறந்தபோது பதிந்தார்களாம். நீல ஐசிக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறாராம், இந்தத் தடவையாவது கிடைக்க வேண்டுமாம். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எந்த நாடுன்னு எழுதட்டும் அத்தை?"

"மனு போடுற எடத்துலயும் அதைத்தான் கேக்குறாங்க." கீரையைத் தள்ளி வைத்தார். "குருண்னு எழுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், ஊர் எது நாடு எது என்றுகூட அத்தைக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.