கண் திரும்பி வந்த ஈக்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு ஈயம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பத்தொன்பது வருடமாக அங்கே பழ ஈக்களை வளர்த்து வந்தாள். சோளமாவையும் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கிண்டிக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்ற வேண்டும், பஞ்சால் அடைக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈக்களைப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். மொத்தம் ஆயிரத்து இருநூறு குழாய்கள். மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் கணவர், "ஈ ஓட்டுறா" என்பார். முதல் இரண்டு வருடம் அவளும் கூடச் சிரித்தாள்.

மற்ற குழாய்களைக் கவிழ்த்துத் தட்டினால் வேலை முடிந்தது. ஒரே ஒரு குழாய்தான் உயிரை வாங்கும். அதில் இருந்தவை கண்ணில்லாத ஈக்கள். கண் உருவாகத் தேவையான ஒரு மரபணு அவற்றில் பழுது. ஆனால் தம் போக்கில் விட்டுவிட்டால், தலைமுறை போகப் போக அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் வந்துவிடும். பழுது அப்படியே இருக்கும். மற்ற மரபணுக்கள் எப்படியோ ஈடுகட்டிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஈக்களை மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, கண்ணே இல்லாதவற்றைத் தூரிகையால் ஒதுக்கி, அவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்க வேண்டும். கண் தெரிகிறவை சாராயப் புட்டிக்குள் போய்ச் சாகும். அரைமணி நேர வேலை. கழுத்து விட்டுப்போகும்.

அவள் மகளுக்கு இருபத்து மூன்று வயது. பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் கண்பாப்பாவைச் சுற்றியிருக்கும் வண்ணத் திரை இல்லை. வெளிச்சம் தடுப்பில்லாமல் உள்ளே பாயும். வீட்டில் பகலிலும் திரைச்சீலை மூடியே இருக்கும். பின்னால் கண் அழுத்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு நாலு முறை சொட்டு மருந்து.

அந்தக் குழாயை வைத்து ஆராய்ச்சி செய்த மாணவி ஒருநாள் பேச்சுவாக்கில் விளக்கியிருந்தாள். அந்த மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது தானாக எதையும் கட்டுவதில்லை. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

"மேஸ்திரி மாதிரி அக்கா. கல்லு தூக்க மாட்டார். ஆனா அவர் வரலைன்னா வீடு எழும்பாது."

"மனுசங்களுக்கும் இதே மேஸ்திரிதானா?"

"கிட்டத்தட்ட இதேதான்," என்ற மாணவி, மனிதர்களிடம் அதற்குள்ள பெயரைச் சொன்னாள். மூன்று எழுத்து, ஓர் எண். மகளின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்ததும் அதுதான். அவள் ஒன்றும் சொல்லாமல் குழாய் கழுவப் போனாள். வீட்டிலும் சொல்லவில்லை.

பிறகு மகளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழாயின் முறை வரும்போதெல்லாம் அவள் ஈக்களைப் பிரிக்கவில்லை. மற்றவற்றைப் போலவே கவிழ்த்துத் தட்டி, மேலே தேதி எழுதி வைத்தாள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படியே ஒரு வருடம் ஓடிப்போனது.

அந்த ஒரு வருடமும் வேறொரு சோதனையில் இருந்துவிட்டு வந்த மாணவி குழாயைத் திறந்து பார்த்தபோது, அத்தனை ஈக்களுக்கும் சிவப்பாக, முழுதாகக் கண் இருந்தது. குழாய் மாறிவிட்டது, நான்தான் எங்கோ மாற்றி வைத்துவிட்டேன் என்று மாணவி அழுதே விட்டாள். பேராசிரியர் இரண்டு நாள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். ஈயம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி மாணவி தலையிலேயே நின்றிருக்கும்.

மூன்றாம் நாள் காலை அவர் அறைக்குப் போனாள். மாணவியும் அங்கே இருந்தாள்.

"குழாய் மாறல சார். நான்தான் ஒரு வருசமா பிரிக்கல."

அவர் ஏன் என்று கேட்டார். வேலை அதிகமா, உடம்பு சரியில்லையா என்றும் அவரே கேட்டார்.

"கண்ணு இருக்கிறதைப் பொறுக்கி சாகடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் பொண்ணுக்குச் சொட்டு விட முடியல சார்," என்றாள். பிறகு அவளே, "அப்படியும் சொல்லிட முடியாது. அசதிதான்," என்றாள்.

மகளின் கண்ணைப் பற்றி அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. பேராசிரியர் திறந்திருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு, முதல் மாதமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். அவள் தலையாட்டினாள். அதில் நியாயம் இருந்தது.

அன்று மாலை மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்த மகள், "எத்தனை தலைமுறைம்மா ஆச்சு அதுங்களுக்கு?" என்றாள்.

"ஒரு இருபத்தஞ்சு இருக்கும்."

"சரி, நான் காத்திருக்கேன்," என்று சிரித்தாள். ஈயம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் மகள் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பழுதான மரபணு எங்கும் போய்விடவில்லை என்பதால் வழியும் இருந்தது. அந்த ஈக்களைச் சாதாரண ஈக்களோடு சேர்த்தார்கள். ஈடுகட்டிய மரபணுக்கள் அதில் கலைந்து சிதறும். முதலில் பிறந்தவை எல்லாம் கண்ணோடு பிறந்தன. அவற்றைத் தமக்குள் சேர்த்தபோது பிறந்தவற்றில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்குக் கண் சிறுத்தோ, இல்லாமலோ இருந்தது. மாணவியின் ஆராய்ச்சி மூன்று மாதம் பின்தங்கியது, அவ்வளவுதான்.

மாணவி கூப்பிட்டு அவற்றை நுண்ணோக்கியில் காட்டியபோது அவள் குனிந்து பார்த்தாள். தூரிகையை எடுக்கக் கை தானாகப் போனது.

"வேண்டாம் அக்கா. இனிமே இந்த ஒண்ணை நானே பிரிச்சிக்கிறேன்."

பத்தொன்பது வருடத்தில் அவள் கையை விட்டுப் போன முதல் குழாய் அது. அவள் மறுக்கவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை. முக்காலியில் சற்று உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அன்று மாற்ற வேண்டியவை இன்னும் எண்பது இருந்தன.