நாற்பத்தைந்து லட்சமும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளில் ஒன்றை மட்டும் ஜோடித்து ‘மாடல் ஹவுஸ்’ என்று வைத்திருப்பார்களே, அதன் பெட்ரூமில் நின்றுகொண்டிருந்தோம். டை கட்டிய இளைஞர் ஒருவர் ஃபால்ஸ் சீலிங்கின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்திருக்கிறார்.

சும்மா உட்கார்ந்து பார்க்கவில்லை. முழு நீளத்துக்கு. மைன்ஸில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து சாய்வாரே, அதே தினுசில். கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின.

அப்பா ஒன்றும் பெரிய உயரமில்லை. “கட்டிலு குட்டையா கீதே தம்பி” என்றார், படுத்தபடியே. இளைஞர் அது லேட்டஸ்ட் டிசைன் என்றார். நான் அப்போதுதான் அறையைச் சரியாகப் பார்த்தேன். கட்டில் சின்னது. மேஜை சின்னது. பீரோகூட ஒரு சுற்று ஒல்லி. சாமான் சின்னதாக இருந்தால் அறை பெரிதாகத் தெரியுமல்லவா? நான் நின்று பார்த்து ஏமாந்தேன். அப்பா படுத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். கான்ட்ராக்ட் தொழிலாளியாக உள்ளே போய், பல வருஷம் கழித்து பர்மனென்ட் ஆனவர். இந்த வருஷம் ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊர்ப்பக்கம் குள்ளஞ்சாவடியில் இருக்கும் வீட்டில் சித்தப்பா குடும்பம் நிறைந்து கிடக்கிறது. ஆக, அறுபது வயதில் முதல்முறையாக அப்பா ஒரு வீட்டின் விலையைக் கேட்கிறார்.

மைன்ஸ் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். எங்களுக்கு வீட்டுக்கு விலை என்று ஒன்று இருந்ததே இல்லை. பிளாக் உண்டு, டைப் உண்டு, சீனியாரிட்டி உண்டு. ஒரு வீடு எவ்வளவு நல்ல வீடு என்று கேட்டால், ‘அது கிடைக்க இத்தனை வருஷம் சர்வீஸ் ஆகணும்’ என்றுதான் பதில் வரும். தண்ணீர் வரும், ரோடு இருக்கும், மரம் நிற்கும் – இதையெல்லாம் தனியாகக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றாது. குழாய் ஒழுகினால் எங்கே கம்ப்ளெயின்ட் எழுத வேண்டும் என்று அப்பா அந்த இளைஞரிடம் கேட்டார். “உங்க சொந்த வீடு சார், நீங்கதான் பாத்துக்கணும்” என்றார் அவர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே...

விலை? நாற்பத்தைந்து லட்சம். ரெண்டு பெட்ரூம், வாசலில் ஒரு கார் நிற்கும். ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் போய், மேலே கொஞ்சம் கடனும் வாங்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் அப்பா அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். காரணம், செல்லதுரை மாமா.

திருநெல்வேலிக்காரர். டவுன்ஷிப்பில் சிலருக்கு ஊர்தான் பெயர். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ‘அண்ணாச்சி’. அப்பாவும் அவரும் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் பாதி ஆயுளை ஒன்றாகக் கழித்தவர்கள். அண்ணாச்சி ஒரு வருஷம் முன்னதாக ரிட்டயர் ஆகி, வடலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் இதே நகரில் – பெயரை எழுதினால் பில்டர் எனக்குப் போன் செய்வார், வேண்டாம் – ஒரு வீடு வாங்கிக் குடிபோய்விட்டார். அன்றிலிருந்து தினமும் அப்பாவுக்குப் போன். காற்று எப்படி வருது தெரியுமா, மண் எப்படி இருக்கு தெரியுமா, இந்த விலைக்கு இனி கிடைக்காதுல்லா... அவர் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒன்று இன்னும் விற்காமல் இருக்கிறதாம். “எவனாவது கொத்திட்டுப் போறதுக்குள்ள வந்துரு வேலு” என்பார்.

எங்கள் வீட்டில் முழுசாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அதனால் மாத்திரைச் சீட்டா, இன்ஷூரன்ஸ் பேப்பரா, எல்லாம் என்னிடம்தான் வரும். இப்போது இதுவும் வந்தது. “படிச்சவன் நீ, இது நியாயமான வெலையான்னு சொல்லு” என்றார் அப்பா. நான் கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நாற்பத்தைந்து லட்சத்தின் நியாயம் எந்த சிலபஸில் வருகிறது?

முயன்றேன். ரெண்டு புரோக்கரைக் கேட்டேன். ஒருவர் கொள்ளை மலிவு என்றார், ஒருவர் கொள்ளை என்றார். மலிவு என்றவருக்கு அதில் கமிஷன் உண்டு. மற்றவர் கையில் வேறொரு நகர் இருந்தது. பிறகு பக்கத்து மனைகளின் விலை, கொத்தனார் கூலி, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டேன். நாலு பேரிடம் காட்டியதில் நாலு விடை வந்தது.

சரி, ஏற்கெனவே வாங்கிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் என்ன? அண்ணாச்சியிடம் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

அன்று நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்பவரைவிடப் பெரிய சேல்ஸ்மேன், அந்த வீட்டை வாங்கியவர்.

முதல் வீட்டில் இந்த விலைக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்றார்கள். ரெண்டாவது வீட்டில் கணவர் “ரோடுதான் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார், மனைவி அவரைக் காபிக்குப் பால் வாங்க அனுப்பிவிட்டார். மூன்றாவது வீட்டுச் சுவரில் ஈரம் இந்தியா மேப் போலப் படர்ந்திருந்தது. அது ஈரமே இல்லையாம், பெயின்ட்டின் ஷேடாம்.

அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கிய பிறகு, அதிகம் கொடுத்துவிட்டோம் என்று யாருக்குத்தான் வாய் வரும்? கூடுதலாகக் கொடுத்து வாங்கிய என் பைக்கை நானே இதுவரை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

நான் சோர்ந்துவிட்டேன். அம்மாவோ தெருக்கோடியில் எதையோ பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். அங்கே ஒரு வீட்டு வாசலில் மினி லாரி நின்றிருந்தது. பீரோவும் வாஷிங் மெஷினும் ஏறிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்கு அது பழகிய காட்சி. டவுன்ஷிப்பில் புது குவார்ட்டர்ஸ் அலாட் ஆனால், சாவி வாங்குமுன் பெண்கள் அந்த வீட்டுக்கு ஒரு நடை போவார்கள். காலி செய்துகொண்டு போகும் குடும்பத்திடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எந்தச் சுவர் கசியும், தண்ணீர் எப்போது சன்னமாகும், எந்த ஜன்னலைச் சாத்தினால் திறக்காது... போகிறவர்கள் ஒளிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்த வீட்டில் இனி என்ன இருக்கிறது?

காலி செய்துகொண்டிருந்தவர் ஒரு தனியார் பள்ளி டீச்சர். சங்கீதா என்று பெயர். கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். வாடகைக்கு இருந்தவர்கள். அம்மா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபடியே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

பத்து நிமிஷத்தில் எனக்கு மூன்று வாரமாகக் கிடைக்காததெல்லாம் கிடைத்தது. போர் தண்ணீர் உப்பு, குடிக்க கேன்தான். கோடையில் லாரித் தண்ணீர். தெருவிளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டவை. ஆனால் காற்று நிஜமாகவே நன்றாக வரும், குழந்தைகள் பயமில்லாமல் ரோட்டில் விளையாடலாம். வாடகை? கோயம்புத்தூரில் இருக்கும் ஓனர் பத்தாயிரம் கேட்டாராம். ஆள் வராமல் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடைசியில் ஏழாயிரத்துக்கு இறங்கி வந்தாராம்.

அம்மா வழக்கமான கடைசிக் கேள்விக்கு வந்தார். “பக்கத்து வூட்டுக்காரங்க எப்டிம்மா?”

பக்கத்து வீட்டு கேட்டில் இருந்த பெயர்ப்பலகையை நான் அப்போதுதான் பார்த்தேன். அண்ணாச்சி வீடு.

“அந்த சார் ரொம்ப நல்ல மாதிரிங்கம்மா” என்றார் சங்கீதா. “தெனம் காலையில, பேப்பர் படிச்சாச்சான்னு கேட்டுக்கினு வருவாரு. கையிலயே பேப்பர் இருக்கும். பிரிச்சிருக்கவே மாட்டாரு. அவங்க வூட்டம்மா பெங்களூருல மக வூட்டோட இருக்காங்க இல்ல? சாயந்திரம் எந்தெந்த வூட்டுல லைட்டு எரியுதுன்னு பார்த்துக்கினே ஒரு ரவுண்டு போவாரு.” ஒரு பையை லாரியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “நாங்க காலி பண்றோம்னு சொன்ன நாள்லேர்ந்து இந்தப் பக்கம் வரலைங்க.”

அம்மா கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போன அத்தை. பேரன் இப்போது நடக்கிறான். இது எங்களுக்குத் தெரியும். அது அண்ணாச்சியை என்ன செய்திருக்கும் என்றுதான் யோசிக்கவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த முறை ஒரே விடைதான் வந்தது. மாதம் ஏழாயிரம் வாடகையில் நாற்பத்தைந்து லட்சத்தை எட்ட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அதே பணத்தை பேங்கில் போட்டால் வாடகையைப் போல மூன்று மடங்கு வட்டியே வரும். அந்த வீட்டில் வாழ்வதற்கு மனிதர்கள் தருகிற மதிப்பு ஒன்று. அதை விற்பதற்குச் சொல்கிற விலை வேறொன்று. ரெண்டும் இவ்வளவு தூரம் விலகி நின்றால், அந்த விலை நியாயமில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புது வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாங்கியவரைக் கேட்காதீர்கள். காலி செய்பவரைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தண்ணீர், விளக்கு, வாடகைக் கணக்கு எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“தெரியும்டா” என்றார். “தெனம் அரை மணி நேரம் போன் பேசறாரு. அதுல வூட்டப் பத்தி ரெண்டு நிமிஷம். மீதியெல்லாம் சும்மா பேசறது.”

தெரிந்தும் மொத்தப் பணத்தையும் கொடுக்கத் துணிந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் சாயந்திரம் அப்பாவும் நானும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவரே டீ போட்டார். சர்க்கரை அதிகம். நான்தான் கேட்டேன், சுற்றி வளைக்காமல்: “மாமா, இந்த வெல நியாயமா?”

அவர் அப்பாவைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.

“வெல கூடத்தாம்ல” என்றார் என்னிடம். “நான் வாங்கின மறுவாரமே தெரிஞ்சு போச்சு. ஒங்க அப்பன் எதுத்தாப்ல வந்துட்டான்னா சரியாப் போயிரும்னு நெனச்சேன்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “அதுக்கு நாப்பத்தஞ்சு லட்சமா அண்ணாச்சி? கூப்ட்டிருந்தா சும்மாவே வந்திருப்பனே.”

அண்ணாச்சி சமையலறைக்குள் போய்விட்டார். இன்னொரு டீ போடுகிறாராம். வெகுநேரம் போட்டார்.

அந்த இடைவெளியில்தான் எனக்கு அந்தப் பக்கத்து வீடு ஞாபகம் வந்தது. ஏழாயிரம் வாடகை. நேற்றுதான் காலியானது. பணம் பத்திரமாக பேங்கில் இருக்கும், அப்பாவும் பக்கத்தில் இருப்பார். சொன்னேன். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும், ரிட்டயர் ஆன மனுஷன் வாடகை வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், இத்தனை வருஷம் சம்பாதித்து என்ன கண்டார் என்று கேட்க மாட்டார்களா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் சொந்த வீடு என்பது வெறும் வீடு இல்லை. அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற விலாசம்.

அப்பா ஒன்றுதான் கேட்டார். “நீ கல்யாணமாயி வந்ததுலேர்ந்து குடித்தனம் பண்ணிக்கினு கீறது யாரு வூட்ல?”

அம்மா சுற்றிப் பார்த்தார். நான் பிறந்து, நடந்து, படித்த வீடு. கம்பெனி வீடு. ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை. ஆனால் யாராவது கேட்டால் அம்மா சொல்வது ‘எங்க வூடு’தான்.

பிறகு, அந்த வாடகை வீட்டுச் சமையலறைக்கு பெயின்ட் அடித்துத் தருவார்களா என்று கேட்டார்.

போன வாரம் கோயம்புத்தூர் ஓனர் நேரில் வந்தார். வாடகை பேச அண்ணாச்சியே முன்வந்தார். எங்களைக் கிட்டத்திலேயே விடவில்லை. ரெண்டு பேரும் வாசலில் நின்று வெகுநேரம் காரசாரமாகப் பேசினார்கள். எங்களுக்காக ஐந்நூறோ ஆயிரமோ குறைக்கத்தான் மனிதர் இப்படி மல்லுக்கு நிற்கிறார் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோய், போதும் மாமா, ஏழாயிரமே இருக்கட்டும் என்று சொல்ல அருகில் போனேன்.

வாடகையைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லோரும் போடுகிற பதினோரு மாத அக்ரிமென்ட் எப்படிப் போதும், அஞ்சு வருஷம் போடுங்க என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.