பட்டறைக்கு வந்த ஜப்பான்

கல்லூரியில் நான் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவருக்குக் கோவை கணபதிப் பகுதியில், வீட்டை ஒட்டியே, தண்ணீர் மோட்டார் செய்யும் பட்டறை. செத்துப்போன ராஜாக்களின் பேரைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன் என்று கேலி செய்வார். அவர் சட்டையின் கிரீஸ் நாற்றத்தைச் சொல்லி நானும் விடமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டுக் கம்பெனிகள் கோவைக்கு வரிசையாக வந்தன. ஒரு ஐரோப்பியக் கம்பெனி எங்களையும் கூப்பிட்டது. உதிரி பாகங்களை அவர்கள் அனுப்புவார்கள். நாங்கள் பூட்டிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருக்கும்வரை எங்கள் பெயரில் ஒரு மோட்டாரும் வெளியே போகக்கூடாது. ஒத்துக்கொண்டால் பட்டறை அவர்களுடையது மாதிரிதான். மறுத்தால் சந்தையில் அவர்களோடு மோத வேண்டும். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான், கல்யாணமாகி முதல்முறையாக, என் பாடத்தைப் பற்றிக் கேட்டார். ஜப்பான் பாடத்துக்கு நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மணி, வெள்ளைக்காரன் கப்பல் வந்து நின்னப்ப அந்த ஜப்பான்காரங்க என்னதான் செஞ்சாங்க?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பில்கூட அப்படி நடத்தியதில்லை. பீரங்கிக்கு முன்னால் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள் என்றேன். தங்கள் மண்ணில் வெள்ளைக்காரன் தப்புச் செய்தாலும் தாங்கள் விசாரிக்க முடியாது என்பதற்குக்கூட ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. பையன்களைக் கப்பலேற்றிப் படிக்க அனுப்பினார்கள். வெள்ளைக்கார வாத்தியார்களுக்கு அள்ளிக் கொடுத்து அழைத்து வந்தார்கள். வித்தை கைக்கு வந்ததும் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். சீனாவிலோ, பீரங்கியும் கப்பலும் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும் என்று பெரிய இடத்தில் பலர் நினைத்தார்கள். அடிமேல் அடி வாங்கினார்கள்.

மறுவாரம் அவர் கம்பெனிக்காரர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவர்கள் தொழிற்சாலையில் தங்கி வேலை பழக வேண்டும். அவர்களும் சரி என்றதும் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் முடிவதற்குள் இரும்பு வார்ப்பிலிருந்து கம்பி சுற்றும் வைண்டிங் வரை எங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. முடிந்ததும் எங்கள் பெயரிலேயே புது மோட்டார் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த தெருவில் ஒற்றை லேத்து வைத்து எங்களுக்கு மோட்டாரின் சுழல்தண்டான ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தார். புது மோட்டாரின் டிராயிங்கை முழுசாக ஒருமுறை பார்க்கலாமா என்று அவர் வந்து கேட்டார். சின்னதாக ஒன்று சொந்தமாகச் செய்து பார்க்க ஆசையாம். இவர் முடியாது என்றார். அதோடு விட்டாரா? இனி வேறு யாருக்கும் கடைந்து கொடுக்கக்கூடாது, அப்படியானால்தான் ஆர்டர் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் சரிங்க என்று போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சோறு போடும்போது மீதிப் பாடத்தையும் சொன்னேன். தன் காலில் நிற்கத் தொடங்கியதுமே ஜப்பான் கொரியாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பியது. எந்த மாதிரி ஒப்பந்தத்தில் தான் மாட்டிக்கொண்டு தவித்ததோ, அதையே கொரியாவிடம் நீட்டியது. பிறகு நாட்டையே எடுத்துக்கொண்டது.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதைய அன்னைக்கே ஏன் சொல்லுல?"

"அன்னைக்கு நீங்க தப்பிக்கிறதுக்கு வழி கேட்டீங்க. அதைச் சொன்னனுங்க."

டிராயிங்கை அவர் கடைசிவரை காட்டவில்லை. லேத்துக்காரர் தொடர்ந்து எங்களுக்கே கடைந்து கொடுத்தார். காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றால், "இருக்கட்டுமுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். எங்களிடமிருந்து தப்பிக்க அந்த மனிதர் யாரிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குள் ஓடும்.