வெர்லின் திறந்த சன்னல்கள்

ஓக்லஹோமாவை விட்டு நான் புறப்பட்ட மே மாதச் செவ்வாயன்று, பக்கத்து வீட்டு வெர்லினிடம் விடைபெறப் போனேன். அப்போது சூறாவளிச் சங்கு ஊதியது. பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லின், மூடி வைத்தால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தில் வீடு வெடித்துவிடும் என்று சன்னல்களைத் திறந்தார்.

"ஏய், மூடு! உள்ள புகுற காத்துதான் கூரையத் தூக்கும்," என்று கத்தினார் கணவர் டுவைட்.

"நாப்பது வருசமா தெறக்கறேன், கூரை போச்சா? வாய மூடிட்டு வாய்யா!"

மூவரும் குளியலறைக்குள் ஒடுங்கினோம். கூரையைச் சுவரோடு பிடித்திருந்த ஆணிகள் கிறீச்சிட்டுப் பிடுங்கிக்கொண்டன. தலைக்குமேல் வானம் தெரிந்தது. உயிர் மட்டும் மிஞ்சியது.

ஈராண்டு கழித்து, நான் சிலியில் இருந்தபோது வெர்லினின் செய்தி வந்தது: "புதுக் கூரைய இரும்புப் பட்டை போட்டுச் சுவரோட இறுக்கியாச்சு. நேத்து மறுபடி சங்கு. சன்னலயெல்லாம் நானே மூடினேன். அந்த ஆளு சிரிச்ச சிரிப்புக்குச் சூறாவளியே தேவல."