மச்சான் போட்ட மொட்டை

மனைவியின் அண்ணனைச் சந்திக்கப் போவதற்கு முந்தின நாள் எந்தப் படத்தைப் பார்க்கக் கூடாதோ, அதைத் தேடிப்போய் டிக்கெட் எடுத்துப் பார்த்த அறிவாளி நான்.

எனக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. ஆலை முழுக்க அந்தப் படத்தின் பேச்சுதான். எடுத்தவர் பேட்டிக்குப் பேட்டி யாரையாவது வம்புக்கு இழுக்கிற இயக்குநர். மனதில் தெம்பில்லாதவர்கள் வரவே வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தார். வீட்டில் எலி செத்துக் கிடந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறவன் நான். என்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்திருக்க வேண்டாமா?

கதை சின்னது. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட தங்கையை அண்ணன் பல வருஷம் கழித்துத் தேடி வருகிறான். சிரிக்கிறான். அவள் புருஷனை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் வயிறு முட்டச் சோறு போடவைக்கிறான். கொல்லையில் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறான். புருஷன் குனிகிறான். அண்ணனின் கால்களை மட்டும் காட்டுகிறார்கள். அரிவாளை ஓங்குகிறவன் மாதிரி இடது கால் மெல்லப் பின்னால் போகிறது. இசை கிடையாது. அப்புறம் அண்ணன் உள்ளே வந்து, புருஷன் இலையில் மிச்சம் வைத்திருந்த மோர் சோற்றைத் தின்று முடிக்கிறான். போலீசும் வரவில்லை, நியாயமும் வரவில்லை. என் பாப்கார்ன் அப்படியே இருந்தது.

எங்கள் கதையும் பாதி வரைக்கும் அதுவேதான். நகரி பக்கத்துக் கிராமம். நிலம் வைத்திருந்த தெரு அவளுடையது. அந்த நிலத்தில் கூலிக்குப் போன தெரு என்னுடையது. நாங்கள் தாலி கட்டிக்கொண்ட அன்று அவள் அண்ணன் ஊர் நடுவில் நின்று திருமலைப் பக்கம் கையை நீட்டி, என்னை வெட்டாமல் விடமாட்டேன் என்று ஏழுமலையான் மேல் ஆணை வைத்தாராம். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை.

இப்போது அவளுக்கு மாசமாகி வயிறு தெரிந்தது. வளையல் அடுக்கினால் அம்மா வீட்டில்தான் என்று அவளுக்கு ஆசை. வாய் விட்டுச் சொல்லவில்லை. யார் வீட்டு வளைகாப்பு போட்டோ போனில் வந்தாலும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அந்த நேரத்தில்தான் அண்ணனின் போன் வந்தது. திருப்பதிக்கு மொட்டை போட வருகிறார், நாங்களும் வந்தால் வளைகாப்பைப் பற்றிப் பேசலாம். எனக்கு அந்த ஆணைதான் ஞாபகம் வந்தது. மனசு கொஞ்சம் மாறட்டும் என்றுதான் படத்துக்கே போனேன்.

மறுநாள் காலையில் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

“வேண்டுதல் பலிச்சாத்தானே மொட்டை போடுவாங்க? உங்க அண்ணன் இன்னா வேண்டிக்கினாரு?”

“உன் மச்சான்தானே, நீயே கேளு.”

“எனக்கு ஜுரம் அடிக்குது.”

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஐஸ் மாதிரி கீது. யோவ், நீ வரலன்னா நான் தனியா போறேன்.”

போனோம். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் என் நிலைமை புரிந்தது. எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை, சந்தனப் பூச்சு. மச்சானின் மீசை வைத்த முகமென்றால் தூரத்திலேயே பார்த்து ஓடலாம். இதில் யாரென்று பார்த்து ஓடுவது? தோளில் ஒரு கை விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் லட்டுப் பையைக் கீழே போட்டார்.

“இன்னா மாப்ள, பயந்துட்டியா?” சிரித்தார். படத்திலும் சிரித்தான்.

ஓட்டலுக்குத்தான் கூட்டிப்போனார். பரிமாறுகிறவரிடம், “அன்னா, மா பாவகி இங்கா கொஞ்செம் அன்னம் வெய்யி” என்று தெலுங்கில் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லி என் இலையைக் காட்டிக்கொண்டே இருந்தார். “துன்னு மாப்ள. இளைச்சிப் போயிக்கீறே.” ஒவ்வொரு கரண்டி சோறும் கடைசிக் கரண்டி என்று நினைத்தே தின்றேன். அதிலும் ரசம் நன்றாயிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பின்கட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டிரம்மும் மக்கும் வைத்திருந்தார்கள். அவர் மக்கை எடுத்தார்.

“கைய நீட்டு.”

நீட்டினேன். குனியவில்லை. கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போயிற்று.

“கை கழுவக்கூடத் தெரியாதா உனக்கு?”

“மச்சான்... மொட்டை எதுக்கு?”

அவர் மக்கைக் கீழே வைத்தார். மீசை இருந்த இடத்தைத் தடவினார்.

“உன்ன வெட்றேன்னு சாமி மேல ஆணை வெச்சிட்டேன். அவ மாசமா கீறான்னு கேட்டதும் மனசு கேக்கல. ஆனா ஆணைய சும்மா உட முடியுமா? குடும்பத்துக்கு ஆவாதே. ‘சாமி, அத உட்டுடு, பதிலுக்கு முடியக் குடுக்கறேன்’னு வேண்டிக்கினேன். குடுத்துட்டேன். கணக்கு சரியாப் போச்சி.”

என் உயிருக்குப் பதில் ஒரு தலை முடி, கூடவே மீசை. வருத்தப்படுவதா, நன்றி சொல்வதா தெரியவில்லை. “நல்லா கீது மச்சான்,” என்றேன்.

வளைகாப்பு அவர் வீட்டில்தான் நடந்தது. என் தெருக்காரன் அந்த வீட்டு வாசல்படி தாண்டியது அன்றுதான். அவள் இரண்டு கையும் வளையலாக நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு மச்சானின் தலையைப் பார்த்தபடி இருந்தேன். முடி கருகருவென்று முளைத்திருந்தது. மீசையும் வந்துகொண்டிருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் அவர் சொம்போடு கொல்லைக்கு வந்தார். “இப்பவாச்சும் ஒழுங்கா குனி மாப்ள.”

அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தேன். அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு கழுவினேன்.