சுண்ணாம்புப் பொட்டு வைத்த பாட்டில்

தென்காசியில் எனக்குச் சொந்தமாக சோடா கம்பெனி இருந்தது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு அது பெரிது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றவன் நான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசி வயிற்றைப் பிடுங்கும். வயிறு முட்டத் தின்பான். தின்றவனுக்கு என் சோடா வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சில வருஷத்தில் சொந்தமாக மிஷின் வாங்கினேன், கொட்டகை போட்டேன், வேலைக்கு ஆள் வைத்தேன். ஆலங்குளத்திலிருந்து வாசுதேவநல்லூர் வரைக்கும் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் என் பாட்டில்தான் போயிற்று.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். சோடாவில் லாபம் தண்ணீரிலும் இல்லை, கேஸிலும் இல்லை. பாட்டிலில் இருக்கிறது. கழுத்துக்குள் கோலிக்குண்டு உருளுகிற அந்தக் கெட்டிப் பாட்டில் லேசில் கிடைக்காது. குடித்தது திரும்பி வந்தால்தான் முதலாளி பிழைப்பான். கல்யாண வீட்டில் ஒரு பாட்டில் குறைந்தால் மாப்பிள்ளை மறுவீடு போவதற்குள் நான் அந்த வாசலில் சைக்கிளோடு நிற்பேன். கஞ்சன் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பாட்டுக்காரன் தலையெடுத்தான். தென்காசிக்காரன்தான், ஓட்டு வீடு, அப்பா இல்லை. ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, நடுவில் இவன். சினிமாப் பாட்டும் பாடுவான், காவடிச் சிந்தும் பாடுவான். கச்சேரி முடிகிற நேரத்தில் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் குரலில் ஒரு ஒப்பாரி எடுப்பான். அவனுடைய அம்மா பாடிய மெட்டாம். கொடைக்கு ஆடு வெட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன்கூட துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுவான். நானும் அழுதேன். என் தகப்பனார் செத்தபோது வராத அழுகை அங்கே வந்தது. அன்றிலிருந்து அவன் எந்த ஊரில் பாடினாலும் நான் முன்வரிசையில் இருப்பேன்.

எங்களைப் போல ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆலங்குளத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மேடையேறிப் பட்டு போர்த்துவார். வாசுதேவநல்லூர்ப் பண்ணையார் ஒருவர் மோதிரம் போட்டார். நான் என்ன செய்ய முடியும்? பாட்டுக்கு நடுவில் மேடைக்குக் கலர் சோடா அனுப்பினேன். அவன் என் பாட்டிலின் குண்டைத் தட்டிக் குடிப்பதை ஊரே பார்க்கும். பட்டும் மோதிரமும் அவனுக்கு வெளியே. என்னுடையது உள்ளே போயிற்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குடிப் பழக்கத்தை அவனுக்கு நான் பழக்கவில்லை. சீசனில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கு வருகிற பெரிய மனிதர்கள் அவனைக் கூப்பிட்டுப் பாடவைத்து, ஊற்றியும் கொடுத்தார்கள். அவர்கள்தான் கெடுத்தார்கள் என்று ரொம்ப காலம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் சீசன் மூன்று மாதம்தான். மற்ற மாதங்களுக்கு நாங்கள் இருந்தோம். உள்ளே கொஞ்சம் இறங்கினால்தான் இவனுக்குக் குரல் மேலே ஏறும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டாகி, அதுவே வேதமாகிவிட்டது. நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, ஆரியங்காவு தாண்டினால் சாராயக்கடை திறந்திருக்கும். செங்கோட்டையில் ரயிலேறிப் போய் மடியில் கட்டிக்கொண்டு வருவதற்கு எங்களுக்குள் போட்டியே நடந்தது.

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கொடை. முன்வரிசையில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேடைக்குப் பின்னால்கூட அவனால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. கை நடுங்குகிறது, சுருதி சேரவில்லை, கூட்டம் முணுமுணுக்கிறது. எனக்கு மானம் போனது போல இருந்தது. ஊருக்கு வந்து யோசித்தேன். என் மிஷினில் பாட்டிலுக்குள் எதை ஊற்றிச் சுற்றினாலும் கேஸ் ஏறிக் குண்டு அடைத்துக்கொள்ளும். அடைத்த பாட்டிலை எந்தப் போலீஸ்காரரும் மோந்து பார்க்க மாட்டார். அடுத்த கொடைக்கு ஆரஞ்சு கலரில், மற்றவர்கள் வாங்கி வந்த சரக்கைப் பாதிக்குப் பாதி கலந்து மிஷினில் போட்டேன். மற்றவற்றோடு மாறிவிடாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். போலீஸ்காரர் கண்ணுக்கு முன்னால் அவன் அதைக் குடித்தான். அன்று அவன் பாடிய ஒப்பாரி போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யாருக்கும் தோன்றாத யோசனை மூன்றாம் வகுப்புக்காரனுக்குத் தோன்றியதே என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

பிறகு அவனே கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். காலையில் வருவான். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். கை நடுக்கத்தில் பீடி பற்றவைக்க முடியாது, நான்தான் பற்றவைத்துக் கொடுப்பேன். கேட்க மாட்டான். மெதுவாகப் பாட ஆரம்பிப்பான். மிஷினை நிறுத்தச் சொல்லிவிடுவேன். வேலைக்காரர்கள் ஈரக் கையோடு நின்று கேட்பார்கள். ஊரெல்லாம் பாய் விரித்துக் காத்திருந்து கேட்கிற குரல், காலை வெயிலில் எனக்காக மட்டும் பாடுகிறது. எனக்கு அது எவ்வளவு பெரிய கௌரவமாக இருந்தது தெரியுமா? முடித்ததும் பொட்டு வைத்த பாட்டிலைக் கொடுப்பேன். வீட்டுக்கு என்று இன்னொன்றும் கொடுப்பேன். அவன் எனக்காகப் பாடவில்லை, பாட்டிலுக்காகப் பாடினான் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஒருநாள் அவன் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணாச்சி, அவுக இங்கன வந்தா ஒண்ணும் குடுக்காதீய. ராத்திரி சாப்புடுத சோறு தங்க மாட்டேங்குது. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு."

"சரிம்மா, இனிமே குடுக்கல" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். மறுநாள் அவன் வந்தபோது வெறும் சோடா கொடுத்து அனுப்பினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அந்த வாரக் கடைசியில் ஒரு கச்சேரி. குரல் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் என் தொடையைத் தட்டி, "என்ன அண்ணாச்சி, ஒங்க கலர்ல இனிப்பு கொறஞ்சு போச்சோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டிலைப் பெட்டிக்கு அடியில் நான் வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அதை வைத்ததிலேயே என் வாக்கின் லட்சணம் தெரியும். மேடைக்கு அனுப்பினேன். அவன் பாடினான். நாங்கள் அழுதோம்.

இரண்டு சீசன் கழித்து, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவன் இரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தான். முப்பது வயது தாண்டவில்லை.

தென்காசிக்கு அப்படி ஒரு கூட்டம் தேரோட்டத்துக்குத்தான் வரும். ஆலங்குளத்திலிருந்து வந்த பஸ்களில் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் குழந்தை மாதிரி அழுதார்கள். பூத்தேர்ப் பாடை, கொட்டு, மாலை என்று ஏற்பாடு எல்லாவற்றையும் நானே முன்னின்று செய்தேன். யார் எந்தப் பக்கம் தூக்குவது என்று தெருவிலேயே சச்சரவு. முன்பக்கம் வலது தோள் என்னுடையது என்று நான் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். நேரம் போகப் போக ஒவ்வொருவரும் தான் அவனுக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆரியங்காவிலிருந்து மழையில் நடந்தே கொண்டுவந்து கொடுத்தேன் என்றார் ஒருவர். கடைசியாக என் கையால்தான் குடித்தான் என்றார் இன்னொருவர். "அதெப்படி, முந்தாநாளு நாந்தாம்லா குடுத்தேன்" என்றார் ஆர்மோனியக்காரர். சண்டை போலவே நடந்தது. வீட்டுக்குள் பெண்கள் அழுகிற சத்தம் எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை.

அவன் மனைவி நடைவாசலுக்கு வந்தாள். எங்களில் ஒருவரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.

"அவுகளுக்குக் குடிக்கக் குடுத்த கை இதுல படக்கூடாது. குடுக்காதவுக யாராயிருந்தாலும் வந்து தூக்குங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் தெருமுனை வரைக்கும் கேட்டுவிட்டது. கொட்டுக்காரர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டார், மறுபடியும் உதறினார். மோதிரம் போட்ட பண்ணையார் செருப்பைத் தேடினார். ஆர்மோனியக்காரர் பாடையின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். தெரு நிறைய ஆண்கள், நாலு தோள் கிடைக்கவில்லை.

முதலில் வந்தது அவளுடைய அண்ணன். குடிகாரனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவர். அடுத்து, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பாட்டுக்காரர் ஒருவர். எங்கள் ஆளுக்குப் போட்டி என்று அவர் மேடையேறினாலே நாங்கள் கூச்சல் போட்டு இறக்கிவிடுவோம். அவர் பின்வரிசையிலிருந்து வந்து பாடைக் கம்பைப் பிடித்தார். மூன்றாவதாக எதிர் வீட்டுப் பாய் வந்தார். தறி நெய்கிறவர், வயசாளி. ஒரு கச்சேரிக்கும் வந்தவரில்லை. இவரா என்று யாரோ முனகினார்கள். அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு இவரத் தூக்கிப் பழக்கம்தாம்மா."

சாக்கடை ஓரத்திலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் அவனை அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் போட்டவர் அவர்தான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோமே, அதற்குப் பிறகு அவன் எப்படிப் போனான் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

நாலாவது ஆள் வரவில்லை. சாரல் கனத்தது. பிணத்தின் மேலிருந்த பூவில் தண்ணீர் சொட்டியது. எல்லாரும் என்னைப் பார்ப்பது போல எனக்கு இருந்தது. மனதுக்குள் ஒரு வக்கீல் பேசினான்: சரக்கு வாங்கினது நீயா? வாங்கினது அவனவன். நீ கொடுத்தது கலர். கலர் விற்பது உன் தொழில். எனக்கு அது சரியாகவே பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கத்து வலது கம்பைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி" என்றாள்.

நிமிர்ந்தேன்.

"ஒங்க பாட்டிலு கட்டிலுக்கு அடியில கெடக்கு. அம்புட்டையும் கழுவி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க."

ஒரு பாட்டிலுக்காகக் கல்யாண வீட்டு வாசலில் போய் நிற்கிறவன் என்று இந்த ஜில்லாவுக்கே என்னைத் தெரியும். இந்த வீட்டுக்கு எத்தனை பாட்டில் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட நான் திருப்பிக் கேட்டதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற சின்னக் கடைக்காரன்கூடப் புரிந்துகொண்டிருப்பான். நான் கம்பை விட்டேன்.

நாலாவது தோள் கொடுத்தது கொட்டு அடித்தவர்களில் ஒருவர். கொட்டைக் கழற்றி ஈரத் தரையில் வைத்துவிட்டு வந்தார். அவருக்கு நாங்கள் என்றைக்கும் மேடைப்பக்கம் இடம் கொடுத்ததில்லை. சிற்றாற்றங்கரைவரை அவர்கள் நாலு பேரும் தோள் மாற்ற ஆளில்லாமல் சுமந்தார்கள். பாய் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தோம். ஒப்பாரி எடுக்கக்கூட ஒருவனுக்கு வாய் வரவில்லை.

பாட்டிலை எடுக்கப் பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு போனேன். ஆளை அனுப்பியிருக்கலாம், நானே போனேன். அவள் வாசலில் இல்லை. பெட்டி மட்டும் நடையில் வெளியே எடுத்துவைத்திருந்தது. தூக்கித் தோளில் வைத்தேன். சோடா சுமப்பதை விட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தது, காலிப் பெட்டியே கனத்தது. எதிரே வந்த மளிகைக்கடைக்காரர், முதலாளியே சுமக்கணுமா, கொட்டகையில ஆளில்லையா என்று கேட்டார். இருக்காங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். எதிர் வீட்டில் தறிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் கேட்டது.

கொட்டகையில் இறக்கிவைத்துப் பார்த்தேன். தனியாக வைக்க வேண்டும், இனி இவற்றில் எதையும் அடைக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வேலைக்காரர் ஒருவர் அவற்றை எடுத்து மற்ற பாட்டில்களோடு தொட்டியில் போட்டுவிட்டார். ஓடிப் போய்த் தேடினேன். ஒரு பாட்டிலின் கழுத்திலும் சுண்ணாம்பு இல்லை. அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோல இருந்தது.

வருஷா வருஷம் அவன் படத்துக்கு மாலை போட்டு விழா நடத்துகிறோம். அவன் காலன் பறித்த குயில் என்று பேசுகிறார்கள். நான்தான் தலைவர். என் கம்பெனி கலரைத்தான் மேடையில் எல்லாருக்கும் உடைத்துக் கொடுப்பார்கள். எனக்கு நீட்டினால் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வேன். பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். குடித்ததில்லை.