எங்கள் வீட்டுப் பெரியம்மா

போன வாரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்போது எதிரே ஒரு புதிய பலகை. 'அம்மா கைச் சாப்பாடு, அறைகள் உண்டு' என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பெண்மணியின் சிரிப்பு. யாரோ ஹோம்ஸ்டே தொடங்கியிருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்மணி யாருடைய அம்மாவோ என்று நினைத்ததும் பக்கத்துக் கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த நண்பர் பிரஷரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரியசாலையில் அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். அவர் போன பிறகு கடை என் கைக்கு நிற்கவில்லை. மூட்டை பக்கம் போனாலே தும்முகிறவன் என்ன மிளகாய் விற்பான்? மிஞ்சியது கடைக்குப் பின்னால் முற்றம் வைத்த வீடு, மாடியில் மூன்று அறை, அப்புறம் அம்மா. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவளத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் தெருவில் சுற்றி மிளகாயையும் மல்லியையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இவர்களை மாடியில் தங்கவைத்தால் என்ன என்று தோன்றியது. சுவரில் ஏறிய நெடி போகவே இல்லை. வந்தவர்கள் தும்மிக்கொண்டே ஆகா ஆகா என்றார்கள்.

எங்கள் இடத்தின் விசேஷம், மெனு கார்டு கிடையாது. அடுக்களையில் எங்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவ வேண்டும், அன்றைக்கு வீட்டில் என்னவோ அதைச் சாப்பிட வேண்டும். சிக்கல் அம்மாதான். சுத்த சைவம், வாயும் கொஞ்சம் நீளம். அடுக்களை வாசலில் மறித்து நின்றுகொண்டு வருகிறவனிடம் "குளிச்சாச்சா?" என்பாள். நல்லா தூங்கினீர்களா என்று கேட்கிறாள் என நான் ஆங்கிலத்தில் சமாளிப்பேன். எத்தனை நாள்தான் சமாளிப்பது? போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ராசம்மாளைச் சமையலுக்கு வைத்தேன். பின்கட்டில் அவருக்குத் தனி அடுப்பு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அவர் வைத்தால் பாத்திரத்தை வழித்துவிடுவார்கள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. எவன் வந்தாலும் முகம் பார்த்துச் சிரித்து இன்னும் ஒரு கரண்டி வைப்பார்.

ஒருநாள் ஒரு ஜெர்மன்காரி ராசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் உன் அம்மாவா என்று என்னிடம் கேட்டாள். என் வாயில் கிழங்கு. தலையை ஆட்டிவிட்டேன். கிழங்கின் மேல் பழி போடுவானேன், வாய் காலியாக இருந்தாலும் ஆட்டித்தான் இருப்பேன். அவள் ஊருக்குப் போய் எங்களைப் பற்றி ஏதோ பத்திரிகையில் எழுதினாள். அடுத்த நவம்பரிலிருந்து வந்தவர்களெல்லாம் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றினார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால்தான் அறை என்றாயிற்று. நான் ராசம்மாளின் தோளில் கை போட்டுப் படங்களுக்கு நின்றேன். பெற்றவள் தோளில் ஒருநாளும் கை போட்டதில்லை. மீன் வாடை உனக்கு ஆகாது என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் அம்மாவைப் பூஜை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னேன். அவளும் என் அக்கறை என்றே நம்பினாள்.

ஜெர்மன்காரி மறுவருடமும் வந்தாள். போகும்போது எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பியிருந்தாள். பின்பக்கம் கோணல் எழுத்தில் தமிழ்: 'அம்மாவும் மகனும்'. ஆசையாய்க் கேட்டாளே என்று நான்தான் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். உறையைப் பிரித்தது அம்மா.

காப்பியோடு படத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஆராவது கேட்டா நான் ஆருன்னு சொல்லட்டும்?" என்றாள்.

காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு மூன்று அறையும் நிறைந்திருந்தது.

"இந்த சீசன் முடியுற வரைக்கும் பெரியம்மான்னு சொல்லிரும்மா."

அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சொன்னேன், கேட்டீர்களா.

சீசன் முடிந்தது. இன்னொன்று வந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாவோ என்னைவிடக் கெட்டிக்காரி. கூடத்துக்கே வந்து கைகூப்பி, மார்பைத் தொட்டுக் காட்டி, "பெரியம்மா" என்பாள். வந்தவர்களும் அப்படியே கூப்பிடப் பழகினார்கள். குளித்தாயிற்றா என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ராசம்மாள், இது பாவம், நான் ஊருக்குப் போறேன் என்று துணியை மடித்தார். அம்மாதான் பின்கட்டுக்குப் போய், பையன் பொழைச்சுப் போகட்டும் என்று கெஞ்சி அவரை நிறுத்தினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. விற்றேன், ஐந்து மாடியில் பிளாஸ்டிக் சாமான் கடை வந்துவிட்டது. முற்றம் இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. மகளோடு இருக்கப் போன ராசம்மாளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதெல்லாம் போகட்டும்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வருடா வருடம் எங்களிடம் வரும் ஒரு பிரெஞ்சுத் தம்பதி பெரியம்மாவைப் பார்க்கப் பழத்தோடு வந்திருந்தார்கள். நர்ஸ் என்னைக் காட்டி, மகன்தானா என்று மலையாளத்தில் அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தத் தம்பதியையும் பார்த்தாள்.

"அல்ல மோளே. எந் தங்கச்சி மவன்."

அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நான்தான் மகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வியாபாரத்துக்கு ஒன்றும் வந்திருக்காது. நான் அவர்கள் நீட்டிய பழத்தை வாங்கி மேசையில் வைத்தேன். அதற்கப்புறம் அம்மா நாலு நாள் இருந்தாள். அந்த நாலு நாளில் வேறு யாரும் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.